ஒரு ஷில்லிங் தீர்ப்பு

சிறார் இலக்கியம் பற்றிய வாக்குவாதம் எதுவானாலும் சற்றுப் பொறுத்திருந்தால் போதும், ரேனர் அன்வின் வந்துவிடுவார். மாயமும் சாகசமும் கலந்த ஒரு புது நாவலில் மொழி சோம்பிக் கிடக்கிறது, பாத்திரங்கள் பெயரளவில்தான் இருக்கிறார்கள் என்று யாராவது வாயெடுத்ததும் எதிர்த்தரப்பு அந்தப் பழைய கதையை எடுத்து வீசும். 1936ஆம் ஆண்டு. லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஒருவரின் தட்டச்சுப் பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுக்கிறார். பையன் படித்து, ஒரு பத்தி அளவில் அறிக்கை எழுதி, கூலியாக ஒரு ஷில்லிங் வாங்கிக்கொள்கிறான். அடுத்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி புத்தகம் கடைக்கு வருகிறது: டோல்கீனின் 'ஹாபிட்'. அச்சிட்ட 1,500 பிரதிகளும் அந்த டிசம்பருக்குள் தீர்ந்துவிடுகின்றன. கதை இங்கே முடியும். முடிந்த கையோடு கேள்வி வரும்: குழந்தைக்குப் பிடித்திருக்கிறது, நீங்கள் யார் சொல்ல?

இப்போது இது வாதம் என்ற நிலையைத் தாண்டி வழக்கமாகவே ஆகிவிட்டது. சிறார் நாவலின் பின்னட்டையில், முன்பு மூத்த எழுத்தாளரின் பாராட்டு இருந்த இடத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் இரண்டு வரியும் புகைப்படமும். வெளியீட்டு மேடையில் ஒரு சிறுமி, கையில் மைக், தடங்கலில்லாமல் வரும் கதைச்சுருக்கம், கீழே செல்பேசியில் படம்பிடிக்கும் பெற்றோர். பெரியவர்கள் எழுதும் மதிப்புரையை நம்பாதவர்கள்கூட இதை நம்புகிறார்கள், இதில் கள்ளம் இருக்காது என்று. பிள்ளையிடம் கள்ளம் இல்லைதான். மைக்கைக் கொடுத்தவர் யார், என்ன சொன்னால் கைதட்டுவார் என்பது வேறு விஷயம்.

ஸ்டான்லி அன்வினுக்குச் சேரவேண்டியதை முதலில் கொடுத்துவிடலாம். சிறுவர் நூலுக்குச் சிறுவரே தக்க நடுவர் என்று அவர் நம்பினார்; நம்பியதோடு நில்லாமல் கூலியும் கொடுத்தார். இன்று மேடையேறும் பிள்ளைக்கு அதுகூட இல்லை. தங்கள் சின்ன வயதைப் பற்றிய மங்கிய நினைவை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் ரசனையைப் பெரியவர்கள் ஊகிப்பதைவிட, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைக் கேட்பது மேல். ரேனரின் சொல்லால் அந்த நூல் வெளிவரத் துணை கிடைத்தது என்பதிலும் சந்தேகமில்லை. இவ்வளவையும் ஏற்கிறேன்.

என் ஆட்சேபம் நெடுநாளாக இருப்பது. இந்தக் கதையைச் சொல்பவர்களில் அந்த அறிக்கையைப் படித்தவர் அபூர்வம். அது காணாமல் போய்விடவில்லை. 1936 அக்டோபர் 30 என்ற தேதியோடு பத்திரமாக இருக்கிறது. டோல்கீனைப் பற்றிய நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. வாசிக்க ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைக்கூட ஒதுக்காமல்தான் அதை வேதவாக்காக எடுத்துக் காட்டுகிறார்கள். குழந்தையின் கருத்துக்கு மதிப்பு கொடுப்பதாகச் சொல்பவர்கள் செய்கிற முதல் காரியம் அந்தக் கருத்து என்ன என்று பார்க்காமல் இருப்பது.

பார்ப்போம். அறிக்கையின் பெரும்பகுதி கதைச்சுருக்கம். சாகசம் என்றாலே ஒதுங்கும் நாயகன் பில்போவை மந்திரவாதி காண்டால்ஃபும் குள்ளர்களும் பேசி இழுத்துப் போகிறார்கள்; அவன் கோப்ளின்களோடும் வார்க் ஓநாய்களோடும் சண்டையிட்டு விறுவிறுப்பாகப் பொழுதைக் கழிக்கிறான்; மலையைக் காக்கும் டிராகன் ஸ்மாக் கொல்லப்படுகிறது; பெரும் போர் ஒன்று நடக்கிறது; பில்போ பணக்காரனாக வீடு திரும்புகிறான். பிறகு தீர்ப்பு, ஒரே மூச்சில். வரைபடங்கள் இருப்பதால் ஓவியங்கள் வேண்டியதில்லை. நூல் நன்றாக இருக்கிறது. 5 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இடையிடையே சில எழுத்துப்பிழைகள்.

இதில் கோலம் என்ற குகைப் பிராணி இல்லை. அணிந்தவரைக் கண்ணுக்கு மறைக்கும் மோதிரம் இல்லை. இருட்டுக் குகையில் உயிரைப் பணயம் வைத்து நடக்கும் விடுகதைப் போட்டி, இன்று 'ஹாபிட்' என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, அதுவும் இல்லை. இருப்பதிலும் ஒன்று நூலுக்கு மாறானது. பில்போ கோப்ளின்களோடு சண்டையிடுவதே இல்லை. அவர்களிடமிருந்து தப்புகிறான், தடுமாறுகிறான், தலையில் அடிபட்டு விழுகிறான். வார்க் ஓநாய்கள் வரும்போது மரத்தின் மேல் தொற்றிக்கொண்டிருக்கிறான்; கழுகுகள் வந்து காப்பாற்றுகின்றன. அவன் வாளெடுத்து உண்மையிலேயே சண்டையிடுவது மிர்க்வுட் காட்டின் சிலந்திகளோடு. அது அறிக்கையில் இடம்பெறவில்லை. கடைசிப் பெரும் போரில் அவன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு மறைந்து நிற்கிறான், கல்லடி பட்டு மயங்கிவிடுகிறான், விழிக்கும்போது போர் முடிந்திருக்கிறது. ஒரு சாகசக் கதையின் நாயகன் உச்சக்கட்டத்தைப் பார்க்கவே இல்லை. டிராகனைக் கொல்வதும் அவன் இல்லை, அவனோடு வந்த குள்ளர்களும் இல்லை. ஏரி நகரத்து வில்லாளி பார்ட், அதுவரை கதையில் ஏறக்குறைய முகமே காட்டாத ஒருவன். டோல்கீன் செய்த விசித்திரமான, துணிச்சலான தேர்வு இது. அறிக்கையில் டிராகன் கொல்லப்படுகிறது, அவ்வளவுதான். யாரால் என்பது காணோம்.

பணக்காரனாகத் திரும்பினான் என்பதும் பாதி உண்மை. குள்ளர்களின் தலைவன் தோரினின் குலச்சொத்தான ஆர்க்கன் கல்லை பில்போ ஒளித்து வைத்திருந்து, போரைத் தடுக்க எதிர் முகாமுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறான். நண்பனுக்குத் துரோகம் செய்தானா, நண்பனைக் காப்பாற்றினானா என்று வாசகர் இன்றும் வாதிடலாம். தன் பங்காகப் பெருஞ்செல்வம் கிடைக்க இருந்தும், இரண்டு சிறு பெட்டி போதும் என்று சொல்லிவிடுகிறான். வீடு திரும்பினால் அங்கே அவன் இறந்துவிட்டதாகக் கருதி சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊராரிடம் இருந்த நல்ல பெயரும் போய்விடுகிறது. செல்வத்தின் மேல் வரும் வெறி ஒரு நல்ல மனிதனை என்ன செய்யும் என்று தோரினை வைத்துக் காட்டிவிட்டு, அந்த வெறி பிடிக்காத ஒருவனை வீட்டுக்கு அனுப்பும் நாவலின் கடைசிச் செய்தியாகப் பத்து வயது வாசகன் எடுத்துச் சொன்னது, நாயகன் பணக்காரன் ஆனான் என்பது. அதற்கு ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறான்.

ஒரு நியாயம் சொல்லவேண்டும். கோலத்தைக் கொல்ல வாய்ப்பு கிடைத்தும் பில்போ இரக்கப்பட்டுத் தாண்டிப் போகும் காட்சி இன்றைய பதிப்புகளில் இருக்கிறதே, அது 1951 பதிப்புக்காக டோல்கீன் திருத்தி எழுதியது. ரேனர் படித்த பிரதியில் கோலம் தோல்வியை ஒப்புக்கொண்டு வழிகாட்டிவிட்டுப் போகும். அந்த இரக்கத்தைக் காணவில்லை என்று பையனைக் குறைசொல்ல முடியாது.

பையனை எதற்குமே குறைசொல்ல வரவில்லை. பத்து வயதில் கதையைச் சொல் என்றால் எவரும் இப்படித்தான் சொல்வார். நம் பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகளில் பாதி இதே அமைப்பில்தான் இருக்கின்றன, எழுதுபவர்களுக்கு ஐம்பது வயது. ரேனர் உண்மையில் என்ன உணர்ந்தான் என்பது இந்த அறிக்கையில் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோலத்தின் குரல் அவனைத் தூங்கவிடாமல் செய்திருக்கலாம். தோரின் சாகும் இடத்தில் அழுதிருக்கலாம். அதைச் சொல்ல அந்தத் தாளில் இடமில்லை. கதைச்சுருக்கம், ஓவியம் தேவையா, எந்த வயதுக்கு விற்கலாம்: இவை பதிப்பகத்துக்காகப் பிரதி படிப்பவர் பதில் சொல்லவேண்டிய கேள்விகள். ஒரு பதிப்பாளரின் வீட்டில், சாப்பாட்டு மேசையில் தொழில் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்தப் பேச்சை அச்சாகத் திருப்பிச் சொல்கிறான். எந்தப் பத்து வயதுப் பிள்ளையும் தானாக "5 முதல் 9" என்று எழுதாது. அந்த எண்களில் கேட்பது அப்பாவின் குரல்.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். எழுதியவனுக்கு வயது பத்து. தன்னைவிடச் சிறியவர்களுக்கான புத்தகம் இது என்கிறான்! தான் வளர்ந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள விரும்பும் ஒரு பையனின் குறும்பு அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்த வரியும் அதுவே. ஆனால் அதை யாராவது தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்களா? டோல்கீன் மூன்றே ஆண்டில், 1939இல், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகச் சொற்பொழிவில், மாயக் கதைகளுக்கும் பிள்ளைகளுக்கும் இயற்கையான பிணைப்பு எதுவும் இல்லை, பெரியவர்களுக்கு மோகம் தீர்ந்துபோனதால் அவை பிள்ளைகளின் அறைக்குத் தள்ளப்பட்டன என்று வாதிட்டார். உலகமும் அந்த வயது வரம்பை மதிக்கவில்லை. ஓவியம் வேண்டாம் என்றதும் அதே கதிதான். 1937 தொடக்கத்தில் டோல்கீன் தானே வரைந்தவற்றை அனுப்பிவைத்தார். நூல் பத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களோடும் அவரே வரைந்த மேலட்டையோடும் வந்தது. ஆக, ரேனர் குறிப்பாகச் சொன்ன இரண்டு கருத்துகளும் குப்பைக்குப் போயின. எஞ்சியது "நன்றாக இருக்கிறது" என்ற பொதுச் சொல். அது ஏற்கெனவே பெரியவர்கள் எட்டியிருந்த முடிவு. ஸ்டான்லியின் ஆலன் அண்ட் அன்வின் நிறுவனத்தில் வேலைபார்த்த சூசன் டாக்னால் முற்றுப்பெறாத பிரதியைப் படித்துவிட்டு, முடித்து அனுப்புமாறு டோல்கீனைத் தூண்டியிருந்தார். அதற்கும் மூன்றாண்டு முன்னால் நண்பர் சி.எஸ். லூயிஸ் படித்து மகிழ்ந்திருந்தார். பிள்ளை சொன்னதில் தங்களுக்கு ஒத்துப்போனதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒத்துப்போகாததை விட்டுவிட்டு, பிறகு பிள்ளைதான் தீர்மானித்தது என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த மரியாதையான பெயர் எதுவும் இல்லை.

இவர்கள் விடாமல் நினைவில் வைத்திருப்பது இன்னொன்றும் உண்டு: எழுத்துப்பிழைகள். இந்தக் கதையைச் சொல்லும் எவரும் அவற்றைச் சிரிப்போடு குறிப்பிடாமல் இருப்பதில்லை. பிழைகளோடு அச்சிட்டுக் காட்டும்போது அந்தத் தாள் ஒரு வாதம் என்ற நிலையிலிருந்து இறங்கி வீட்டு ஆல்பத்தில் ஒட்டிய படம் ஆகிவிடுகிறது. ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது அவர் திக்குவதை ரசித்துக்கொண்டிருப்பவர், அவர் பேச்சைக் கேட்கவில்லை.

இரண்டாவது கதையும் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய 'ஹாரி பாட்டர்' முதல் நூலின் தொடக்க அத்தியாயத்தை ப்ளூம்ஸ்பரி நிறுவனத்தின் நைஜல் நியூட்டன் வீட்டுக்கு எடுத்துப் போனார். எட்டு வயது மகள் படித்துவிட்டு அடுத்த அத்தியாயம் எங்கே என்று நச்சரித்தாள். நூல் 1997 ஜூனில் வந்தது. இங்கும் பதிப்பாளரின் சொந்தப் பிள்ளை. இங்கும் "ஆம்". நூலை வாங்கவேண்டும் என்று நின்ற பதிப்பாசிரியர் பேரி கன்னிங்காம் இந்தக் கதையில் ஓரத்துக்குப் போய்விடுகிறார். திருப்பி அனுப்பிய பன்னிரண்டு இடங்களிலும் பிரதி எத்தனை பிள்ளைகள் கைக்குப் போனது, அதில் எத்தனை பேர் கொட்டாவி விட்டார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? "வேண்டாம்" என்று சொன்ன பிள்ளையைப் பற்றி ஒரு கதைகூட நம்மிடம் இல்லை. நடுவர் எப்போதுமே ஒரே தீர்ப்பு சொன்னதாகப் பதிவு இருந்தால், அந்த நீதிமன்றத்தைப் பற்றிச் சந்தேகப்படுவது நியாயம்.

இந்த இரண்டாவது கதை முதலாவதைவிட அதிகக் கெடுதல் செய்திருக்கிறது என்பது என் எண்ணம். ரேனராவது இரண்டு கருத்துகள் சொன்னான். இங்கே கருத்தின் இடத்தில் இருப்பது அடுத்த அத்தியாயத்துக்கான பிடிவாதம். அது பசி. பசி உண்மையானது, மதிக்கவேண்டியது. ஆனால் பசிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சமையல் நன்று என்று அதற்குப் பொருளாகாது. மாய சாகச நாவலின் மேல்தான் இந்தக் குழப்பம் அதிக பாரமாக விழுகிறது, ஏனென்றால் அடுத்து என்ன என்ற கேள்வியை எளிதில் எழுப்பக்கூடிய வகை அது. ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசி வரியிலும் ஒரு கதவு திறக்கும், ஒரு நிழல் விழும், ஒரு குரல் அழைக்கும். பிள்ளை பக்கத்தைப் புரட்டும். புரட்டிய கையைக் காட்டி நூல் சிறந்தது என்பார்கள்.

'ஹாபிட்'டையே இந்த அளவுகோலில் வைத்தால் என்ன ஆகும்? ரிவெண்டலில் பயணிகள் வாரக்கணக்கில் ஓய்வெடுக்கிறார்கள். துரத்தல் ஒன்றும் இல்லை. பியோர்னின் வீட்டில் தேனும் ரொட்டியும் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டிராகன் செத்த பிறகு நூலில் கணிசமான பகுதி மிச்சம் இருக்கிறது. அதில் முக்கியமாக நடப்பது பங்கு பேச்சுவார்த்தை. இன்று ஒரு புதியவர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால், பிள்ளைகளுக்குச் சலிக்கும், வெட்டுங்கள் என்று சொல்ல எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்! அந்தப் பேச்சுவார்த்தைப் பகுதியில்தான் சாகசக் கதை இலக்கியம் ஆகிறது. பையன் அதைத் தன் சுருக்கத்தில் தாண்டிப் போய்விட்டான் என்பதற்காக டோல்கீன் அதை எழுதியிருக்கக் கூடாது என்று ஆகுமா? 1937 அக்டோபரில் டைம்ஸ் இலக்கிய இணைப்பில் பெயர் போடாமல் எழுதிய மதிப்புரையில் லூயிஸ் இதைச் சரியாகப் பிடித்தார்: மிகச் சிறிய பிள்ளைகள் இதை வேடிக்கையாக வாசிப்பார்கள், ஆண்டுகள் கழித்துப் பத்தாவது, இருபதாவது வாசிப்பில்தான் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று உணரத் தொடங்குவார்கள். லூயிஸ் டோல்கீனின் நண்பர், பாராட்டத்தான் வந்தார் என்பது தெரிந்ததே. இருந்தாலும் முதல் வாசிப்பில் கிடைக்கும் தீர்ப்பு முழுத் தீர்ப்பாக இருக்க முடியாது என்று அன்றே சொன்னவர் அவர்.

பிள்ளைகளே வாக்களிக்கும் பரிசுகள் இருக்கின்றனவே என்பார்கள். இங்கிலாந்தில் 1985 முதல் 2007 வரை வழங்கப்பட்ட ஸ்மார்ட்டீஸ் பரிசைப் பெருமையாகச் சொல்வார்கள். 'ஹாரி பாட்டர்' வரிசையின் முதல் மூன்று நூல்களும் அதன் தங்கப் பரிசை அடுத்தடுத்து வென்றன. அதன் நடைமுறை என்ன? பெரியவர்களின் குழு முதலில் சில நூல்களைப் பொறுக்கித் தரும். அவற்றுள் எது தங்கம், எது வெள்ளி, எது வெண்கலம் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் பொறுக்கியது யார் என்பது பரிசுச் செய்தியில் சிறிய எழுத்தில் வரும். மிட்டாய் ஒன்றின் பெயரில் பிள்ளைகள் வாக்களித்தார்கள் என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இளம் வாசகர் விமர்சகராக இருக்க முடியும். டோல்கீனின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு, ஆனால் அதை யாரும் பின்னட்டையில் போடுவதில்லை. 'ஹாபிட்' அச்சுக்குப் போகுமுன் டோல்கீன் தன் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் அதைப் படித்துக் காட்டுவார். அப்போது நாலைந்து வயதாக இருந்த மகன் கிறிஸ்டோபர் இடைமறித்தான். போன முறை பில்போவின் வாசற்கதவு நீலம் என்றீர்கள். தோரினின் தலைமறைப்பில் தங்கக் குஞ்சம் என்றீர்கள், இப்போது வெள்ளி என்கிறீர்கள். அப்பா சலித்துக்கொண்டே எழுந்து போய்க் குறித்துக்கொண்டார். 'ஹாபிட்'டின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் கிறிஸ்டோபரே இதைச் சொல்லியிருக்கிறார். எழுத்துக்கூட்டி வாசிக்கவே கற்றுக்கொண்டிருக்கும் வயதில் அவன் கேட்டது ஒரு பதிப்பாசிரியர் கேட்கவேண்டியது: நீ கட்டிய உலகத்துக்கு நீயே உண்மையாக இருக்கிறாயா? மாயப் புனைவுக்கு அதைவிடக் கடுமையான சோதனை எதுவும் கிடையாது. பிற்காலத்தில் டோல்கீன் தன் நூலின் ஆரம்பப் பகுதிகளில் கதைசொல்லி பிள்ளைகளிடம் குனிந்து பேசும் தொனியை நினைத்து வருந்தினார். நூல் பிள்ளைகளுக்கானது என்று முத்திரை குத்திய இடங்களைத் தன் பிள்ளைகளே இயல்பாக வெறுத்தார்கள் என்று ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். 1960இல் அந்தத் தொனியை நீக்கி நூலையே திருப்பி எழுதத் தொடங்கி, சில அத்தியாயங்களோடு கைவிட்டார்.

மூன்றாவது சான்று ரேனரே. 1938 தொடக்கத்தில் டோல்கீன் அடுத்த நூலின், பிற்பாடு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஆன நூலின், முதல் அத்தியாயங்களை அனுப்பிவைத்தபோது ரேனருக்கு வயது பன்னிரண்டு. இம்முறை ஷில்லிங்குக்கான படிவம் இல்லை. ஹாபிட்கள் தங்களுக்குள் அரட்டையடிப்பது அதிகமாக இருக்கிறது என்று குறை சொன்னான். அதே குறையை லூயிஸும் சொல்லியிருந்தார். டோல்கீன் ஜூன் மாதத்தில் எழுதிய கடிதத்தில், அந்த அரட்டை தனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது என்றாலும் இந்த இரண்டு விமர்சகர்களுக்கும் தலைவணங்குவதாகச் சொன்னார். ஆக்ஸ்போர்டு அறிஞரையும் பன்னிரண்டு வயதுப் பையனையும் ஒரே தட்டில் வைத்தார், காரணம் பையன் ஒரு குறிப்பான குறையைக் குறிப்பான இடத்தில் சொன்னான். பத்து வயதில் ரேனர் சொன்ன "நன்று" உலகப் புகழ் பெற்றது. பன்னிரண்டு வயதில் சொன்ன "இது அதிகம்" ஒரு நாவலைச் செப்பனிட உதவியது. எந்த மேடையிலாவது இரண்டாவதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

கிறிஸ்டோபரின் குஞ்சம், பிள்ளைகளின் வெறுப்பு, ரேனரின் அரட்டைப் புகார் மூன்றும் மறுப்புகள். பிள்ளை விமர்சகராக ஆனது மறுத்த இடத்தில். நம் வழக்கம் அந்த இடத்தைத்தான் அடைத்துவிடுகிறது. வெளியீட்டுக்கு அழைக்கப்படும் பிள்ளைக்கு நூல் முன்கூட்டியே இலவசமாகத் தரப்படுகிறது. ஆசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவும் அம்மாவும் முதல் நாள் இரவு பேச்சைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் பழகிய அமைப்பு வேறு கைகொடுக்கிறது: கதை இது, எனக்குப் பிடித்த பாத்திரம் இது, இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இது. நூறு நூல்களுக்கு இந்த மூன்று வரி பொருந்தும். "நடுவில் இருபது பக்கம் தள்ளிவிட்டேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது உண்மையான வாசிப்பின் செய்தி. அந்த இருபது பக்கம் எவை என்று ஆசிரியர் ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும். அதற்குப் பதிலாக அந்தப் பிள்ளை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கப்படாது.

பிள்ளைகள் வாசிக்க வருவதே பெரிது, இதில் போய் விமர்சனம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாசிக்க வந்த பிள்ளையைப் பாராட்டுரை எழுதப் பழக்குவதை நான் விளம்பரத் தொழிலுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதாகவே பார்க்கிறேன். சொல் கடுமையாக இருந்தால் இருக்கட்டும். பிஸ்கட் விளம்பரத்தில் சிரிக்கும் பிள்ளைக்காவது சம்பளம் உண்டு. இங்கே பிள்ளைக்குக் கிடைப்பது சான்றிதழும் பொன்னாடையும். பதிப்பாளருக்குக் கிடைப்பது எந்த விமர்சகரும் தொட அஞ்சும் கவசம். ஒரு நூலை மோசம் என்று சொன்னால் அதைப் புகழ்ந்த குழந்தையை அவமதித்ததாகிவிடும் என்ற அச்சத்தில் எத்தனை மோசமான மாய சாகச நாவல்கள் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று போய்க்கொண்டிருக்கின்றன.

ரேனர் அன்வினின் கதையை அவருடைய பத்து வயதோடு நிறுத்துவது அவருக்கும் அநீதி. 1947இல், இருபத்தொரு வயதில், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் முதல் பகுதியைப் படித்துவிட்டு அவர் தந்தைக்கு எழுதிய அறிக்கையில், கதை விசித்திரமானது, பற்றிக்கொள்வது என்று சொல்லிவிட்டு, இதை யார் படிப்பார்கள் என்று தனக்கே தெரியவில்லை என்றார். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எட்டாது. பெரியவர்கள் கௌரவம் பார்க்காவிட்டால் ரசிப்பார்கள். "5 முதல் 9" என்று உறுதியாக எழுதியவர், வளர்ந்து படிக்கக் கற்றபின், வயதைச் சொல்லத் தயங்கினார். 1952இல் அதே ரேனர், இப்போது நிறுவனத்தில் வேலைபார்ப்பவர், முழு நூலையும் வெளியிட்டால் 1,000 பவுண்டு வரை நட்டம் வரலாம், ஆனாலும் வெளியிடவேண்டும் என்று வெளிநாட்டில் இருந்த தந்தையை எழுதிக் கேட்டார். மகத்தான படைப்பு என்று நம்பினால் அந்தப் பணத்தை இழக்கலாம் என்று பதில் வந்தது. செலவு போக மிஞ்சும் லாபத்தில் பாதி ஆசிரியருக்கு என்று ஒப்பந்தம் போட்டு, 1954 ஜூலையில் முதல் தொகுதியை 3,000 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார்கள். டோல்கீனுக்கு ரேனர் செய்த பெரும் உதவி இதுதான். தன் வாசிப்பை நம்பி, நட்டக் கணக்கையும் மறைக்காமல் எழுதிவைத்து, பொறுப்பேற்ற ஒரு பெரியவரின் தீர்ப்பு இது. பெரியவர்கள் செய்யவேண்டிய இந்த வேலையைத் தட்டிக்கழிக்கத்தான் பத்து வயதுப் பையனை மீண்டும் மீண்டும் எழுப்பி முன்னால் நிறுத்துகிறோம்.

சிறார் நூல்களை வெளியிடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த நாவலின் பிரதியை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன் கொடுங்கள், கூலியும் கொடுங்கள். எங்கே சலித்தது, எதை நம்பவில்லை, எந்தப் பக்கங்களைத் தள்ளினாய் என்று கேளுங்கள். பின்னட்டைக்கு இரண்டு வரி வேண்டும் என்றால், பிடிக்கவில்லை என்று எழுதினாலும் அதையே போடுவோம் என்று அந்தப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். அதற்குத் துணிவில்லையென்றால் பின்னட்டையைக் காலியாக விடுங்கள்.